கேமரா திறப்பு விழா

கேமரா இருந்த பெட்டிக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு பெட்டியைத் தூக்கிச் சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்பதால் நாற்காலி காலியாக இருந்தது.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால் போகும் சாலையில் இருக்கிறது, மாவட்டக் காட்சிவழிக் கதைசொல்லல் மற்றும் ஊடகக் கலைகள் ஊக்குவிப்பு மையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலம். ‘மையம்’ என்ற சொல் மட்டும் பக்கத்து மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மனைக்காரர் இரண்டு முறை ஆட்சேபம் சொல்லிப் பார்த்தார். பிறகு அதன் நிழலில் மாட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மையம் தன் ஐந்து நாள் செய்முறைப் பயிலரங்கைத் தொடங்கியது. முப்பது மாணவர்கள். ஒரு கேமரா. பெட்டியைச் சுற்றி, தொழிற்சாலையில் ஒட்டிய நாடா பிரிக்காமல் அப்படியே இருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த உஸ்மா அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கடைசி வருடத்தை முடித்திருந்தாள். சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியின் ஆவணப்படப் பிரிவுக்கு மனுப் போட்டிருந்தாள். சொந்தமாக எடுத்த சின்னப் படம் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கைபேசியில் எடுத்தது செல்லாது. ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் கல்யாண வீடியோக்காரர்கள். வைகாசி முகூர்த்த மாதம். ஒருவரும் கையிலிருந்து விட மாட்டார்கள்.

பயிலரங்கின் சுவரொட்டியில் ‘ஒவ்வொரு மாணவர் கையிலும் கேமரா’ என்று இருந்தது. அதை நம்பித்தான் வந்தாள். அவளுடைய அப்பா குலாம் ரசூல் தேரடித் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். “இந்த ஒரு தடவை எழுதிப் பாரு. கிடைக்கலன்னா அழக்கூடாது. கடையில பில் போட ஆள் இல்ல” என்று சொல்லியிருந்தார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் அல்ல.

நுழைவாயிலிலேயே எல்லாருடைய கைபேசிகளையும் நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கவனம் சிதறக் கூடாதாம்.

மையத்தின் இயக்குநர் முனைவர் வளவன் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் வேலை செய்தது. இருந்தாலும் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

“மாணவச் செல்வங்களே, இந்தக் கேமராவை வாங்க இந்த மையம் நான்கு ஆண்டுகள் போராடியது. அந்த நான்கு ஆண்டுகளில் கேமராவின் மாடல் மூன்று முறை மாறிவிட்டது. நாங்கள் மாறவில்லை. இது சிறப்பு விருந்தினரின் திருக்கரங்களால் திறந்து வைக்கப்பட வேண்டிய கேமரா. அவர் தேதி கொடுக்கும்வரை நீங்கள் இதைத் தொடாமலே இதைக் கற்றுக்கொள்வீர்கள். இந்த வசதி வேறெந்த மாவட்டத்திலும் இல்லை.”

மேடை ஓரத்தில் நின்ற ரேணுகாம்பாள் இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினாள். அவள் மையத்தின் பொருள் காப்பாளர். அது கை தட்டுவதற்கான சைகை. தட்டினார்கள்.

உஸ்மா கையைத் தூக்கினாள். “சார், திறப்பு விழா என்னைக்கு சார்?”

“நல்ல கேள்வி” என்றார் வளவன். “பயிலரங்கம் முடியறதுக்குள்ள.”

ரேணுகாம்பாள் மறுபடி சைகை காட்டினாள்.

பயிற்சியாளர் விமல்ராஜ் சென்னையிலிருந்து வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். படப்பிடிப்புகளில் உதவியாளராக இருந்தவர். அவர் ஒரு நிமிடம் பெட்டியைப் பார்த்தார். பிறகு மாணவர்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு செவ்வகம் செய்து காட்டினார்.

“இது சட்டகம். இதுக்குள்ள எது இருக்கணும், எது இருக்கக்கூடாதுன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. எல்லாரும் செய்யுங்க.”

முப்பது பேரும் செய்தார்கள். மாலைவரை செய்தார்கள். விரல் வலித்தவர்களுக்கு இடைவேளை விடப்பட்டது.

தேநீர் நேரத்தில் உஸ்மா விமல்ராஜின் அருகே போனாள். “சார், அது என்ன கேமரா சார்?”

“எனக்கும் காட்டலம்மா” என்றார் அவர் தணிந்த குரலில்.

*

செவ்வாய்க்கிழமை ஆவணப்படுத்தும் நாள். பயிலரங்கம் நடந்ததற்குச் சான்று வேண்டும். அதற்காகச் சக்கரபாணியை வரவழைத்திருந்தார்கள். சக்கரபாணி ஊரில் பெயர் பெற்ற கல்யாண வீடியோக்காரர். வாசலில் பைக்கை நிறுத்தும்போதே எங்கே விளக்கு வைப்பது என்று முடிவு செய்துவிடுகிறவர். பழக்கதோஷத்தில் இயக்குநரை ஒருமுறை, “மாப்பிள்ள, கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று கூப்பிட்டுவிட்டார். வளவன் அந்தப் பக்கம் நகர்ந்து சிரித்தார்.

கூடம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக முப்பது பேரையும் இடது பக்கம் உட்கார வைத்து எடுத்தார்கள். பிறகு அவர்களையே வலது பக்கம் உட்கார வைத்து எடுத்தார்கள். பெண்கள் துப்பட்டாவை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

அடுத்து ‘கேமரா கையாளுதல்’. ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பெட்டியைச் சால்வையோடு தூக்கி, தோளருகே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெட்டி கனமாக இருந்தது. அன்புச்செல்விக்குக் கை நடுங்கியது.

“என்னாக்கா, இம்மாம் கனம்? உள்ள கல்லு வச்சிக்கீறாங்களா?” என்றாள். அவள் உஸ்மாவின் வகுப்புத் தோழி.

“வாய மூடிட்டு லென்ஸ் வழியா பாக்கற மாதிரி பாரு” என்றாள் ரேணுகாம்பாள்.

“லென்ஸ் எந்தப் பக்கம்கா?”

ரேணுகாம்பாள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். “எந்தப் பக்கம் உனக்குத் தோதோ அந்தப் பக்கம்.”

உஸ்மாவின் முறை வந்தது. தூக்கிப் பிடித்தாள். சக்கரபாணி குறிபார்த்துவிட்டு, “சார், பொட்டி பெருசா இருக்குது, பொண்ணு மூஞ்சி பாதிதான் விழுது” என்றார்.

“பெட்டி முழுசா விழணும்” என்றார் வளவன். “மூஞ்சி பாதி போதும்.”

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது உஸ்மா சக்கரபாணிக்கு விளக்கு ஒயரைச் சுருட்டிக் கொடுத்தாள். அவருடைய புதுக் கேமராவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். ஓரத்து மூடியைத் திறந்து இரண்டு கார்டுகளைக் காட்டினார்.

“ரெண்டுலயும் ஒரே சமயத்துல ஏறும். ரெண்டாவது எப்பவும் பெருசா போட்டு வைப்பேன்.”

“ஏன்ணா ரெண்டு?”

“கல்யாணம் பாப்பா. ஒரு கார்டு மக்கர் பண்ணிச்சுன்னா, பொண்ணு மாப்பிள்ளைய கூப்புட்டு இன்னொரு தபா தாலி கட்டுன்னு சொல்ல முடியுமா? அய்யர் வருவாரா? அதான்.”

உஸ்மா கேட்டே விட்டாள். “அண்ணா, ஒரு அரை நாளு கேமரா குடுப்பீங்களா?”

“எங்க வூட்டுக்காரி கேட்டாலே குடுக்க மாட்டேன்” என்றார் சக்கரபாணி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அதற்கு மேல் கேட்க வழியில்லாமல் போயிற்று.

*

புதன்கிழமை படத்தொகுப்பு வகுப்பு. தொகுப்பதற்குப் படம் எதுவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. விமல்ராஜ் இதை வளவனிடம் சொன்னார்.

வளவன் மைக்கைத் தட்டினார். “எடுத்த காட்சியை வெட்டுவது யாராலும் முடியும். எடுக்காத காட்சியை வெட்டுவதுதான் உயர்ந்த படத்தொகுப்பு. நம் மையம் தொடங்கியதிலிருந்து இந்த முறையில்தான் இயங்கிவருகிறது.”

ஆகவே மாணவர்கள் தாங்கள் எடுக்காத படத்தை எழுந்து நின்று வாயால் சொன்னார்கள். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் காலை செருப்புகள் கிடப்பதைப் பற்றி அன்புச்செல்வி சொன்னாள். ஒற்றைச் செருப்பாகவே கிடக்குமாம். ஜோடியில் மற்றது எங்கே போனது என்று தேடிப் போவதுதான் படம். கூடம் கவனித்துக் கேட்டது.

“பிற்பாதி நீளம்” என்றார் வளவன். “வெட்டிவிடு.”

அன்புச்செல்வி பிற்பாதியைச் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

விமல்ராஜ் அன்று ஒரே ஒரு விஷயம் சொன்னார். “எது வேணா எடுங்க. முடிவு எங்க இருக்குன்னு எடுத்துக்கிட்டே தேடுங்க. முடிவு இல்லன்னா அது படம் இல்ல, காட்சிங்கதான்.” உஸ்மா அதை மனதில் வைத்துக்கொண்டாள். அவளிடம் முடிவும் இல்லை, காட்சியும் இல்லை. இரண்டு நாள் இருந்தது.

மாலையில் எல்லாரும் பக்கெட்டில் கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொருள் அறைக் கதவு திறந்திருந்தது. உஸ்மா உள்ளே போனாள். பெட்டி மேசைமேல் இருந்தது. சால்வையை ஒதுக்கினாள். நாடாவின் ஒரு முனை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தை உள்ளே விட்டாள். நாடா அரை விரல் அளவு சத்தமில்லாமல் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். இவ்வளவு கனமானதை யாருக்கும் தெரியாமல் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பதை அவள் இன்னும் நினைக்கவில்லை.

“கைய எடு.”

ரேணுகாம்பாள் வாசலில் நின்றாள். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்த நாடா கிழிஞ்சா எனக்கு வேல போயிடும். பத்து வருஷமா தற்காலிகம் நானு. நிரந்தரம் ஆவறதுக்கு இந்த ஒரு பொட்டிதான் நடுவுல இருக்குது.”

“எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வேணும்கா. இல்லன்னா காலேஜ் போச்சு.”

“தெரியுது.” நாடாவைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டவில்லை. எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தாள். “நாளைக்கு விருந்தினர் வராரு. திறந்துருவாங்க. அது வரைக்கும் பொறுத்துக்கோ.” பெட்டிமேல் சால்வையைச் சரியாக இழுத்து விட்டாள். தூங்கும் ஆளுக்குப் போர்த்துவதுபோல் இருந்தது.

*

வியாழக்கிழமை நல்ல முகூர்த்த நாள். விருந்தினர் வருகிறார் என்று சக்கரபாணிக்கு முதல்நாள் மாலைதான் சொன்னார்கள். போளூர் சாலையில் ஒரு மண்டபத்தில் அவருக்குக் கல்யாணம் இருந்தது. புதுக் கேமராவைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு, பழையதை மையத்தின் கூடத்தில் முக்காலியில் நிறுத்தினார். மேடையை நோக்கித் தலையைத் திருப்பி இறுக்கினார். சுற்றிப் பார்த்தார். உஸ்மாவைக் கூப்பிட்டார்.

“விருந்தாளி வந்ததும் இந்தப் பொத்தான அழுத்து. சிவப்பு லைட்டு எரியணும். அவ்ளோதான். வேற எதையும் தொடாத.”

“சரிண்ணா.”

“தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும்.”

அவர் போனார். விருந்தினர் வந்தார். உஸ்மா பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

வாழ்வில் முதல்முறையாக அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் கேமரா இருந்தது. அதன் முன்னால், மேடையில், சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கியிருந்தார். “எனக்கு ஊடகம் பற்றி ஒன்றும் தெரியாது” என்றார். “அதனால்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்களை அழைத்தால் அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.” அவர் முக்கால் மணி நேரம் பேசுவார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

உஸ்மா மாணவர்கள் பக்கம் திரும்பினாள். அன்புச்செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அவள் விரல்கள் செவ்வகமாகச் சேர்ந்திருந்தன. மூன்று நாள் பழக்கம். அவளுக்குப் பின்னால் இருந்தவன் விரல் செவ்வகம் வழியாகக் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி தன் செவ்வகத்தை மெல்லச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஒரு கண் மட்டும் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். கூடம் முழுக்க அங்கங்கே விரல் சட்டகங்கள். எதிலும் மேடை இல்லை.

இது நாளைக்கு இருக்காது. இப்போதே இருக்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

கைப்பிடியைத் தளர்த்தினாள். முக்காலியின் தலை சின்னதாக ஒரு முனகல் போட்டது. யாரும் திரும்பவில்லை. மேடையில் ஒருவர் பேசும்போது இந்தக் கூடத்தில் யாரும் எதற்கும் திரும்புவதில்லை. கேமராவை மெதுவாக மேடையிலிருந்து நகர்த்தி மாணவர்கள்மேல் நிறுத்தினாள். அங்கேயே வைத்திருந்தாள். சிறப்பு விருந்தினரின் குரல் மட்டும் எங்கிருந்தோ ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பவும் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பலமுறை நினைத்தாள். அப்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் ஏதாவது செய்தார்.

கைதட்டல் கேட்டு நிமிர்ந்தாள். விருந்தினர் பெட்டியில் கட்டிய ரிப்பனை வெட்டி முடித்திருந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் கோயிலுக்குப் புறப்பட்டார். வளவன் கார்வரை ஓடினார்.

பெட்டி மூடியே இருந்தது.

“அக்கா, திறக்கலியே” என்றாள் உஸ்மா.

“திறந்தாச்சேம்மா. ரிப்பன் வெட்டினாருல்ல” என்றாள் ரேணுகாம்பாள். அவள் குரலிலும் தெம்பில்லை. “பொட்டிய தொழில்நுட்பக் குழு திறக்கணுமாம்.”

“குழுவுல யாரு?”

“இன்னும் போடல.”

*

வளவன் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. விழா வீடியோவை அன்றைக்குள் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். நேரே கேமராவிடம் வந்தார். “போட்டுக் காட்டு.”

உஸ்மா போட்டாள். சின்னத் திரையில் அன்புச்செல்வி தூங்கினாள்.

“இது என்ன?”

“மாணவர்கள் சார்.”

“சார் எங்க?”

“குரல் இருக்குது சார்.”

வளவன் ஓட்டிப் பார்த்தார். இன்னும் ஓட்டிப் பார்த்தார். “உன் பேர் என்ன? எந்தக் காலேஜ்?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அதை அவர் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வீடியோ போகலன்னா விழா நடக்கலன்னு ஆயிடும். விழா நடக்கலன்னா மையம் எதுக்குன்னு கேப்பாங்க.”

அந்தக் கேள்வி அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் கேட்டதில்லை. ரேணுகாம்பாள் சுவரில் சாய்ந்தாள். விமல்ராஜ் தரையைப் பார்த்தார்.

வளவன் விருந்தினரின் உதவியாளரைக் கைபேசியில் பிடித்தார். என்ன சொன்னாரோ தெரியாது. கோயிலில் தரிசனம் முடித்த கையோடு கார் திரும்பி வந்தது. விருந்தினர் கோபப்படவில்லை. “ரெண்டாவது தடவ இன்னும் நல்லாப் பேசலாம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு.

“சார்” என்றார் விமல்ராஜ். நான்கு நாளில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்திருந்தது. “காலையில எடுத்த போட்டோவுல நெத்தியில திருநீறு இல்ல சார். வீடியோவுல இருந்தா தொடர்ச்சி ஒதைக்கும்.”

“அண்ணாமலையார் திருநீற எப்படிங்க அழிக்கறது” என்றார் விருந்தினர்.

பிறகு வளவன் தீர்வு சொன்னார். காலை போட்டோவை விட்டுவிடுவது. மேடையில் எல்லாரும் திருநீறு பூசிக்கொள்வது. விழாவே அப்படித்தான் தொடங்கியது என்று ஆகிவிடும். எல்லாரும் பூசிக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் பெட்டிக்கும் மூன்று விரலால் இட்டாள்.

சக்கரபாணி போனை எடுக்கவில்லை. நாதஸ்வரத்தில் கேட்டிருக்காது.

“யார் கேமரா பாக்கறது?” என்றார் விமல்ராஜ்.

வளவன் உஸ்மாவைப் பார்த்தார். “நீதானே கெடுத்த. நீயே எடு. ஒரு பிசகு வந்தாலும் சான்றிதழ் கிடையாது. உங்க முதல்வருக்கும் எழுதிடுவேன்.”

ஆரம்பித்தார்கள். முதல் தடவை ரிப்பன் வெட்டுப்படவில்லை. இரண்டாவது தடவை விருந்தினர் ‘ஊக்குவிப்பு’ என்ற இடத்தில் இருமினார். மூன்றாவது தடவை பாதியில் கேமரா நின்றது. கார்டு நிறைந்துவிட்டது என்று திரை சொன்னது.

“காலையில எடுத்தத அழி” என்றார் வளவன்.

உஸ்மாவின் விரல் நகரவில்லை. “சார், அதுல...”

“அதுல ஒண்ணும் இல்ல. பசங்கதான் இருக்காங்க. அழி.”

அவர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். உஸ்மா கேமராவின் ஓரத்து மூடியைப் பார்த்தாள். புதுக் கேமராவில் இரண்டு கார்டு. இது பழசு. இதில் மூடிக்குப் பின்னால் எத்தனை என்று சக்கரபாணி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இப்போது திறந்து பார்க்க முடியாது. திறந்து, இரண்டு இருந்து, அதை இவர் பார்த்துவிட்டால் இரண்டையும் அழிக்கச் சொல்வார்.

அழிக்கவா என்று திரை கேட்டது.

“கேக்குதில்ல? அமுக்கு” என்றார் வளவன்.

அமுக்கினாள். அன்புச்செல்வி போனாள். மின்விசிறியைப் பார்த்தவன் போனான். ஒற்றைக் கண் போனது. திரை கறுப்பாக இருந்தது. அதில் அவள் முகமும், அதற்குப் பின்னால் இயக்குநரின் திருநீறும் தெரிந்தன.

“இடம் வந்துதா?”

“வந்துது சார்.”

“எடு.”

அந்தப் பகலில் உஸ்மா ஒளியைப் பற்றிக் கற்றாள். விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் விருந்தினரின் கன்னம் உள்ளே போகும் என்று தெரிந்துகொண்டாள். விமல்ராஜ் அவள் காதருகே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிட்டே போ, இப்போது அகலம், ரிப்பன் மடிப்பைப் பார், கத்தரி போன தடவை வலது கையில் இருந்தது. நான்கு நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவரிடமிருந்து கொட்டியது. பயிலரங்கம் அப்போதுதான் நடந்தது. ஒரே மாணவிக்கு நடந்தது. நடந்தது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது.

ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் அவள் கேமராவை நிறுத்தவில்லை. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை முடிந்து புது ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் தண்ணீர் குடித்தார்.

“நான் இப்ப எதைத் திறக்கறேன்?”

“கேமரா சார்” என்றார் வளவன்.

“எங்க அது?”

“பெட்டிக்குள்ள சார்.”

“யாருக்கு?”

“மாணவர்களுக்கு சார்.”

விருந்தினர் கூடத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள். “அவங்கல்லாம் எங்க?”

“சாப்புட அனுப்பிட்டோம் சார். சத்தம் போடறாங்க.”

“அப்ப கைதட்டல்?”

“தனியா பதிவு பண்ணி வச்சிருக்கோம் சார்.”

விருந்தினர் திருப்தியோடு எழுந்தார். ஏழாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. காலிக் கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவர் போனார்.

*

மாலையில் சக்கரபாணி வந்தார். சட்டையில் மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது. கேமராவிடம் வந்ததுமே நின்றார். முக்காலியின் தலையைப் பார்த்தார்.

“யாரு திருப்புனது?”

“நான்தாண்ணா.”

அவர் அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்து இறுக்கினார். மூடியைத் திறந்தார். கார்டை உருவி, கைநீட்டிக்கொண்டு நின்ற வளவனிடம் கொடுத்தார். வளவன் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

அறைக் கதவு சாத்தும்வரை உஸ்மா காத்திருந்தாள். “அண்ணா, இந்தப் பழசுல கார்டு ஒண்ணுதானா?”

சக்கரபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒண்ணு வச்ச கேமராவத் தூக்கிக்கினு நான் ஏன் கல்யாணத்துக்குப் போறேன்? எந்த வூட்லயாவது உதை வாங்கறதுக்கா?” என்றார். மூடிக்குள் இன்னும் உள்ளே விரலை விட்டு இரண்டாவது கார்டை எடுத்தார். “அழிச்சா மொதல்லது மட்டும்தான் அழியும். இது அப்படியே கெடக்கும். ஆனா ராத்திரி காலி பண்ணிருவேன். நாளைக்குச் சாயந்தரம் வளைகாப்பு.”

அவள் அழுதுவிடுவாள்போல இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“சரி சரி. காலைல ஸ்டுடியோவுக்கு வா. சிஸ்டம் சும்மாதான் இருக்கும். வளைகாப்புக்கு நான் கிளம்பறதுக்குள்ள முடிக்கணும்.”

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. வராதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். உஸ்மா போகவில்லை. சக்கரபாணியின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெட்டினாள். அவருடைய சிஸ்டத்தில் இரண்டு காட்சிகளைச் சேர்த்தால் நடுவில் தானாகவே ரோஜா இதழ்கள் விழும். ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்தாள். தூங்கும் மாணவர்கள், விரல் சட்டகங்கள், எங்கிருந்தோ வரும் குரல். முடிவு தேட வேண்டியிருக்கவில்லை. ஏழு தடவை எடுத்து வைத்திருந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து ஒருவர் கும்பிடுவதோடு படத்தை முடித்தாள். சக்கரபாணி வளைகாப்புக்கு வண்டியை எடுத்தபோது படம் சென்னைக்குப் போய்விட்டிருந்தது.

கேமராவைத் தொடாத இருபத்தொன்பது பேருக்கும், கேமராவைக் கையாண்டார்கள் என்று அன்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

*

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“அந்த இயக்குநர் வேஷம் போட்டவர் யாரும்மா? எந்த நாடகக் குழு?”

“வேஷம் இல்ல மேடம். அவரே இயக்குநர்தான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்படித்தான் சொல்லணும்” என்றார் இடப்பக்கத்துக்காரர். “கடைசி வரைக்கும் விட்டுக் கொடுக்கக் கூடாது.”

“பெட்டிமேல திருநீறு பிரமாதம்” என்றார் வலப்பக்கத்துக்காரர். “எப்படித் தோணிச்சு?”

“எனக்குத் தோணல சார். அவங்களே இட்டாங்க.”

“ஒரே ஒரு குறை” என்றார் நடுவில் இருந்த அம்மாள், பரிவாக. “கடைசி வரைக்கும் யாருமே பெட்டிய திறக்கல. வாழ்க்கையில அப்படி நடக்காதும்மா. அத்தனை பேர்ல ஒருத்தராவது திறந்திருப்பாங்க. அங்கதான் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு.”

உஸ்மாவின் நகக்கண்ணில் அந்த நாடாவின் பிசுபிசுப்பு இருப்பதுபோல் தோன்றியது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஆவணப்படப் பிரிவில் இடம் இல்லை. அதற்குரிய நம்பகத்தன்மை படத்தில் குறைவு. கற்பனை வளத்தைப் பாராட்டிக் கதைப்படப் பிரிவில் இடம் கொடுத்திருந்தார்கள்.

குலாம் ரசூல் கடையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். “கிடைச்சுதா, இல்லியா?”

“கிடைச்சுதுப்பா.”

“அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சினு இருக்கற?”

“நடந்தத நடந்த மாதிரி காட்டுனேன். கத வுடறவங்களோட சேத்துட்டாங்க.”

அவர் பஞ்சை இன்னும் கொஞ்சம் அமுக்கினார். “படிச்சு முடிச்சுட்டு எது வேணா காட்டு. பொட்டி படுக்கைய கட்டு.”

கல்லூரியில் சேர அப்பாவும் மகளும் வேலூர் போகும் பேருந்தில் ஏறினார்கள். அங்கிருந்து சென்னை. பேருந்து வேங்கிக்காலில் ஆட்களை ஏற்ற நின்றது. சாலையோரத்தில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் முனைவர் வளவன் கைகூப்பியிருந்தார். நடுவில், ‘எமது மையத்தில் கேமரா பயின்று சாதனை படைத்த மாணவி’ என்று போட்டு உஸ்மா. பயிலரங்கில் செவ்வாய்க்கிழமை எடுத்த படம். பெட்டி முழுதாக விழுந்திருந்தது. சால்வை, நாடா, எல்லாம் துல்லியம். உஸ்மாவின் முகம் பாதிதான் இருந்தது. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நன்றாகப் பார்த்தார்.

“அந்தப் பொட்டில இன்னா?”

“கேமராப்பா.”

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“உங்க டைரக்டரு?”

“அவரும் பாக்கல.”

“அப்ப யாரு பாத்தது?”

நடத்துநர் விசில் கொடுத்தார். உஸ்மா விரல்களைச் செவ்வகமாகச் சேர்த்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்தாள். பேனரும் வளவனும் வெளியே போனார்கள். பெட்டி மட்டும் உள்ளே நின்றது. பேருந்து நகரும்வரை அவள் அதை அப்படியே வைத்திருந்தாள்.